சீமைத் தாய்மாமன்

எங்கள் நெருஞ்சிப்பட்டிக்குள் வறுமை எந்தத் திசையிலிருந்து நுழைந்தது என்று சொல்ல இப்போது ஆளில்லை, ஆனால் அது எந்த வழியாக வெளியே போனது என்று கேட்டால் ஊரே என்னைத்தான் கை காட்டும். என் முகத்தைக் காட்டித்தான் குடிதண்ணீர்க் குழாய் வந்தது, என் முகத்தைக் காட்டித்தான் ஓட்டுக் கொட்டகையாக இருந்த பள்ளிக்கூடம் மாடிப் பள்ளிக்கூடமானது, என் முகத்தைக் காட்டித்தான் வீட்டுக்கு இரண்டு ஆடும் தெருவுக்கு ஒரு தையல் மிஷினும் ஊருக்கு ஒரு மருந்து வண்டியும் வந்தன, இத்தனையும் வந்துகொண்டிருந்த இருபத்துச் சொச்சம் வருஷமும் நான் மட்டும் ஒன்பது வயதிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒப்புக்குச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் என்ன உயரமோ அதே உயரம், மேல்வரிசையில் எந்தப் பல் விழுந்து ஓட்டையாக இருந்ததோ அதே ஓட்டை, கொலுசு எந்தக் கணுக்காலை இறுக்கிப் பிடித்ததோ அதே கணுக்கால். புத்தி மட்டும் மற்றவர்களுக்கு வளர்வதுபோல வளர்ந்துகொண்டே போனது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் புத்தி படத்தில் விழாது.

கமுதிப் பக்கம் மழை பொய்த்துப்போன ஒரு வருஷத்தில், கடல் கடந்த நாட்டுப் பணத்தில் நடக்கிற ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நாங்கள் ட்ரஸ்ட் என்றுதான் சொல்வோம். ட்ரஸ்ட்டிலிருந்து அருள்தாஸ் சார் மோட்டார் சைக்கிளில் வந்து, ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படங்கள் சீமைக்குப் போகும் என்றும், அங்கே உள்ள நல்ல மனிதர்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து உதவி அனுப்புவார்கள் என்றும் சொன்னார். என்னைத் தேர்ந்தெடுத்தவர் பெயர் ஹென்றிக். அவரிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அதில் பூப்போட்ட கவுன், மெழுகுக் கலர் குச்சிகள், ஒரு மிட்டாய் டப்பா, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அவருடைய படம். படத்தில் செம்பட்டை மீசையோடு, வெயில் படாத முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா குருவம்மா அந்தப் படத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் இருந்தான், காசிமாயன், என் தாய்மாமன். என் அப்பா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடித் துணி கொண்டு வரவேண்டியவன் பிணத்தை எடுத்த பிறகுதான் வந்து சேர்ந்தான். பஸ் கிடைக்கவில்லை என்றான். ஊரார் முன்னால் கோடி இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அம்மா மறக்கவே இல்லை.

எனக்குக் காது குத்துவது வசதி இல்லாமல் தள்ளிக்கொண்டே போய், ஒன்பதாவது வயதில்தான் நாள் குறித்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். காசிமாயன் மாமா தாம்பாளத்தில் தேங்காய் பழமும் ஒரு பாவாடை சட்டையும் வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சீக்கிரமாகவே வந்து நின்றார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் ஹென்றிக்கின் படத்தை எடுத்து வந்து மணப்பலகையில் நிமிர்த்தி வைத்து, அதில் முதுகு சாய என்னை உட்கார வைத்தாள்.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "மாமன் மடி இல்லாமக் காது குத்துறது மொறையில்லத்தா."

"அதான் மாமன் இருக்காருல்ல" என்றாள் அம்மா. "கூடப் பொறந்தவன் கோடி கொண்டாரக்கூட நேரத்துக்கு வரல. கண்ணால பாக்காத மனுசன் கப்பல்ல கவுன் அனுப்புறாரு. இதுல யாரு மாமன்னு நீங்களே சொல்லுங்க."

"அப்ப நான் யாருக்கா?" என்று காசிமாயன் மாமா கேட்டார்.

"நீ விருந்தாளி. உக்காந்து சாப்புட்டுட்டுப் போ."

அவர் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமல் போனார். என் முதுகில் அந்தக் கண்ணாடி சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. காது குத்தும்போது நான் அழவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள், சீமை மாமன் ராசி என்று யாரோ சொன்னார்கள், அதோடு மாமன் முறை கைமாறிவிட்டது.

அதற்கு அப்புறம் வந்த தீபாவளிக்குத் தையல்காரர் என்னை அளந்துவிட்டுப் பழைய அளவுதான் என்றார். அடுத்த தீபாவளிக்கும் அதே அளவைச் சொன்னார். அதற்கும் அடுத்த வருஷம் அவர் டேப்பையே எடுக்கவில்லை. அம்மா மருந்து வண்டி டாக்டரிடம் காட்டினாள், பேச்சி கோயிலில் குறி கேட்டாள். கடைசியில் ஊர் அம்பலக்காரர் ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். "பொண்ணு சமையணும்னா மாமன் பச்சை ஓலையில குச்சுக் கட்டணும். இவளுக்கு மாமன் சீமையில இருக்காரு. அவரு கையில இருக்கிறது ஒம்பது வயசுப் படம். அப்புறம் புள்ள எப்படிப்பா வளரும்?" டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஆமாம், நியாயம்தான் என்றார்கள், கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

ஊருக்கு ஒரு விஷயம் பழகிவிட்டால் அது அதிசயமாக இருக்காது. வருஷத்துக்கு ஒருமுறை ட்ரஸ்ட்டிலிருந்து வந்து என்னைப் படம் எடுத்து ஹென்றிக்குக்கு அனுப்புவார்கள், அந்தப் படத்தில் ஒன்று ட்ரஸ்ட்டின் விளம்பரத்திலும் வந்தது, பல் விழுந்த என் சிரிப்பு பல நாடுகளில் சுவரில் ஒட்டப்பட்டது, ஒட்டப்பட்ட இடத்திலிருந்தெல்லாம் உதவி கிளம்பி எங்கள் ஊருக்கு வந்தது. அருள்தாஸ் சார் படித்தவர், அதனால் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். மேலே எழுதிக் கேட்டார். கொடுக்கிறவர்களுக்கு முகம் மாறாமல் இருப்பது நல்லது, ஒரு முகத்தை நம்பித்தான் கொடுக்கிறார்கள், அதனால் இந்த நிலையே தொடரட்டும் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் பயப்படவில்லை.

நான் வருஷா வருஷம் ஐந்தாம் வகுப்பு படித்தேன். பாடப்புத்தகம் மாறும், வாத்தியார்கள் மாற்றலாகிப் போவார்கள், நான் மூன்றாவது பெஞ்சில் அதே இடத்தில் இருப்பேன். என்னோடு படித்த ராமுத்தாய் சமைந்து, கல்யாணமாகி, அவள் மகள் அழகுமீனா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னை வாடி போடி என்பாள், வீட்டுக்கு வந்தால் சித்தி என்று கூப்பிடுவாள், அவளுக்கும் அது குழப்பமாக இல்லை, எனக்கும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர்கள் எனக்கு அரை டிக்கெட்டே கிழித்தார்கள். வாக்காளர் பட்டியலுக்கு வந்த அதிகாரி என் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, வெயிலில் அலைந்ததில் தலை சுற்றுகிறது என்று ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் என்னைக் காட்டுவார்கள். என் பெயரைச் சொல்லி, பஞ்சவர்ணம் ஊரா, அப்படியானால் தண்ணீர்க் கஷ்டம் இருக்காது என்று சம்பந்தம் உடனே முடியும்.

எல்லோருக்கும் காரை வீடு வந்தது. எங்களுக்கும் வந்தது, ஆனால் பின்னால் கட்டினார்கள். முன்னால் இருந்த கூரை வீட்டைப் படத்துக்காக அப்படியே விட்டுவைத்து, வருஷம் தவறாமல் ஊர்ப் பொதுவில் கூரை வேய்ந்தார்கள். படம் எடுக்கும் நாளில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து என் தலையைக் கலைத்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் புழுதியைத் தேய்த்துவிடுவார்கள். அதை அவர்கள் மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பதுபோல அத்தனை பிரியமாகச் செய்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொய் சொல்லக் கூடாது, வந்தது எல்லாம் நல்லதுதான். எங்கள் ஊரில் பேதியில் பிள்ளைகள் சாவது நின்றது. பெண்பிள்ளைகள் செங்கல் சூளைக்குப் போகாமல் காலேஜுக்குப் போனார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்கு அடித்துக்கொண்டவர்கள் மிச்சக் குழம்பை வடக்கே ஊற்றுவதா தெற்கே ஊற்றுவதா என்று அடித்துக்கொண்டார்கள். கொடுத்தவர்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் இதில் பாதிப் பேர் உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள், எனக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

என் தங்கை தீபலட்சுமி எனக்குக் காது குத்தியபோது தொட்டிலில் கிடந்தாள். என்னை எட்டிப் பிடித்தாள், தாண்டினாள், என் பாவாடைகளை வாங்கி உடுத்தித் திரும்பக் கொடுத்தாள், ஒருநாள் வயிற்று வலி என்று சுருண்டு படுத்தாள். அவளுக்குக் காது குத்தியது காசிமாயன் மாமா மடியில்தான். ட்ரஸ்ட் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அவள் மாமன் முறை போகவில்லை. கோபத்தை மறந்து அவர் பச்சை ஓலை வெட்டி வந்து குச்சுக் கட்டினார். கட்டும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, இதுல எனக்கும் ஒரு ஓரத்துல எடம் விடுங்க. நான்தான மூத்தவ."

அவர் ஓலையைப் பின்னிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கு ஒம்மேல மொறையில்லத்தா. ஒங்க ஆத்தா எடுத்துக் குடுத்துட்டா. குடுத்தவுக கையில இருந்தா நான் வாங்கிக்கிருவேன், அது கடலுக்கு அந்தப் பக்கம் கெடக்கு."

அன்று பகலில் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் குச்சுக்குள் ஊர்ந்து போய்த் தங்கையின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். ஓலை வாசனையும் மஞ்சள் வாசனையும் மூச்சை அடைத்தன. தாங்க முடியாமல் அழுதேன். அவள் என்னைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அழுகாதக்கா. நான் நல்லாப் படிச்சு ட்ரஸ்ட்டுலயே வேலைக்குச் சேருறேன். இங்கிலீசு கத்துக்கிருறேன். அந்தாளு ஒருநாள் வருவாருல்ல, அவருகிட்ட நானே சொல்றேன். எங்கக்காவ விட்ருங்கன்னு சொல்றேன். சத்தியமா."

நான் நம்பினேன். ஒரு மனுஷியை முழுசாக நம்புவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் குச்சுக்குள்தான். அவள் படித்தாள், ட்ரஸ்ட்டின் செலவிலேயே மதுரையில் காலேஜ் முடித்தாள், சொன்னபடியே ட்ரஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்தாள், உள்ளூரிலேயே எதிர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். மீட்டிங்குக்குப் போகும்போது என்னை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். எப்போ சொல்லுவ என்று காதில் கேட்பேன். கொஞ்சம் பொறுக்கா என்பாள்.

போன ஐப்பசியில் அழகுமீனாவுக்குப் பிரசவ வலி கண்டது. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே அழகுமீனா. ஷேர் ஆட்டோவில் கமுதிக்குக் கொண்டு போகும் வழியிலேயே செத்துப்போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. ராமுத்தாய் ரோட்டில் விழுந்து புரண்டதை ஊரே பார்த்தது. அன்றிலிருந்து ஊருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்ற பேச்சாகவே இருந்தது. ட்ரஸ்ட் சீமைக்கு எழுதியது. ஹென்றிக்கிடமிருந்து பதில் வந்தது: தனக்கு வயதாகிவிட்டது என்றும், தன் சொத்தில் பெரும்பகுதியை இதற்குத் தர நினைப்பதாகவும், அதற்கு முன் என்னை ஒருமுறை நேரில் பார்க்க வருவதாகவும்.

தீபாவுக்கு அப்போது ஏழாவது மாதம். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "இது மேல சத்தியங்கா. இந்தத் தடவ சொல்லிர்றேன். நீ ஒரு பச்சை ஓலை மட்டும் எடுத்து வச்சுக்க. அவரு தொட்டுக் குடுத்தாப் போதும்ல. ஆஸ்பத்திரியும் வரட்டும், நீயும் வளரு."

அவர் வருகிற நாளில் ஊர் அமர்க்களப்பட்டது. மோட்டார் பைக்குகளைக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப் போய் நிறுத்தினார்கள், மொட்டைமாடி டிஷ்களைச் சாக்குப் போட்டு மூடினார்கள், தொழுவத்தில் கிடந்த மெலிந்த மாடுகளைத் தேடிப் பிடித்துத் தெருவில் கட்டினார்கள். தலை நரைத்துப்போன அருள்தாஸ் சார், ரொம்ப ஏழையாகவும் இருக்க வேண்டாம், கொடுத்தது வீண் என்று நினைத்துவிடுவார், ரொம்ப வசதியாகவும் இருக்க வேண்டாம், இனி கொடுக்க வேண்டாம் என்று நினைத்துவிடுவார் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். இரண்டுக்கும் நடுவில் எப்படி இருப்பது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரிலிருந்து இறங்கியவர் முழுக்கக் கிழவனாக இருந்தார். செம்பட்டை மீசை வெளுத்திருந்தது, கைத்தடி வைத்திருந்தார். கூரை வீட்டு வாசலில் பூப்போட்ட கவுனோடு நின்ற என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், சீமை மாமன் சீமை மாமன் என்று கிழவிகள் அவர் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து என்னை அவர் முன்னால் நிறுத்தினார்கள். மொழிபெயர்க்கத் தீபா பக்கத்தில் நின்றாள். முதுகுக்குப் பின்னால் நான் பச்சை ஓலையைப் பிடித்திருந்தேன்.

"மாமா" என்றேன். "நீங்க குடுத்ததெல்லாம் வந்து சேந்துச்சு. ஊரு நல்லா இருக்கு. நான் மட்டும் வளரல. எனக்கு வயசு முப்பத்தேழு ஆகுது. எம்மேல உள்ள மொறை உங்க கையில இருக்கு. இந்த ஓலைய உங்க கையால தொட்டுக் குடுத்துருங்க, நான் வளந்துக்கிருறேன். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

ஹென்றிக் என் தங்கையைப் பார்த்தார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "உங்களுக்காகத் தினமும் சாமி கும்பிடுகிறேன் என்கிறாள். இந்தப் பச்சை இலை எங்கள் ஊர் மரியாதை. எங்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டித் தாருங்கள் என்று கேட்கிறாள்."

இருபத்துச் சொச்சம் வருஷம் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் படித்தவளுக்கு அது புரியாது என்று அவள் எப்படி நினைத்தாள் என்று தெரியவில்லை. என்னை வெறும் ஒன்பது வயதுப் பிள்ளை என்றே நினைத்துப் பழகிவிட்டாள் போல. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றெரிச்சல் என்பதை அதுவரை ஒரு வார்த்தையாகத்தான் நினைத்திருந்தேன், அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது.

நானே ஆங்கிலத்தில் பேசினேன். பாடப்புத்தகத்தில் வருவதுபோல சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றாக. ஐயா, என் பெயர் பஞ்சவர்ணம். அவள் சொன்னது தவறு. எனக்கு முப்பத்தேழு வயது. நான் வளர விரும்புகிறேன். இந்த ஓலையை நீங்கள் தொட வேண்டும். அப்போது நான் வளருவேன்.

தீபா பதறிப்போய்ச் சிரித்தாள், பிள்ளை ஏதோ விளையாடுகிறது என்றாள். ஹென்றிக் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். என் கையில் இருந்த ஓலையைப் பார்த்தார், என் பல்லில் இருந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார், ஓரமெல்லாம் மடங்கித் தேய்ந்திருந்த என் படம்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்றே நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதல் சில வருஷம் பழைய படத்தையே திரும்ப அனுப்புகிறார்கள் என்று நினைத்தாராம். பிறகு பின்னால் இருக்கும் கூரை வருஷா வருஷம் புதிதாக வேய்ந்திருப்பதைக் கவனித்தாராம், என் கண் மாறிக்கொண்டே வருவதையும் கவனித்தாராம், அப்போதே தெரிந்துவிட்டதாம். அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அவளை வளர்த்தார், வளர்ந்ததும் போய்விட்டாள், பண்டிகைக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. மனைவி செத்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டால் அலமாரியில் நான் மட்டும் அதே சிரிப்போடு இருப்பேனாம். எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன், எல்லோரும் வாங்கி வளர்ந்து என்னை மறந்துவிட்டார்கள், நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி கட்டித் தருகிறேன். இன்னும் என்ன வேண்டுமோ கேள். நான் சாகிற வரைக்கும் இப்படியே இரு. ப்ளீஸ்."

சொல்லிவிட்டு அழுதார். அவரைப் பார்த்து ஊர் அழுதது, என்ன சொன்னார் என்று தெரியாமலே. கிட்ட நின்று கேட்டவள் தீபா ஒருத்திதான், அவளும் அழுதாள், அவள் அழுததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அறியாமல் செய்கிறார், சொன்னால் விட்டுவிடுவார் என்று எத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அந்த மனிதரை நான் வெறுக்கக்கூட இல்லை, ஹென்றிக் மாமா என்று கூப்பிட்டு அவர் படத்துக்குக் குங்குமம் வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் உறவை அறுக்க வக்கீல் வேண்டாம். நாலு பேர் பார்க்க ஒரு துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால், புருஷன் பெண்டாட்டி ஆனாலும் சரி, பங்காளி ஆனாலும் சரி, அதோடு அத்துப்போய்விடும். மாமனை அறுத்தவள் என்று மட்டும் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. மாமன் இல்லாத பெண்ணுக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் முன்னால் நிற்க ஆளில்லை, அவள் ஆள் இல்லாதவள்.

நான் ஓலையைக் கீழே போட்டேன். கையை உயர்த்திக் கூரையிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பை உருவினேன். மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். "ஏ புள்ள, வேண்டாண்டி" என்று அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவள் வருவதற்குள் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துரும்பை இரண்டாகக் கிள்ளினேன்.

ஹென்றிக்குக்கு ஒன்றும் புரியவில்லை, தீபாவைப் பார்த்தார். விருந்தாளிக்குப் பிரியத்தில் பாதி கொடுப்பது எங்கள் வழக்கம் என்று அவள் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, தரையில் விழுந்த பாதித் துரும்பைக் குனிந்து எடுத்து, என் படத்தோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை அருள்தாஸ் சார் படம் எடுத்தார்.

அவர் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே எனக்கு எலும்பெல்லாம் குடைய ஆரம்பித்தது. மாமன் கட்ட வேண்டியதைக் கட்டாவிட்டால் பெண் வளரமாட்டாள் என்பதுதான் ஊர் வைத்திருந்த கணக்கு, மாமனே இல்லாத பெண்ணைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விழுந்த இடத்தில் பல் முளைத்தது. கொலுசை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒரே பருவத்தில் நான் அம்மாவின் தோளுக்கு வந்தேன். இந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு அஸ்திவார வானம் தோண்டினார்கள். அடுத்த படம் போய்ச் சேர்ந்ததும் பணம் முழுவதும் வரும் என்று ஹென்றிக் எழுதியிருந்தார். அம்மா என்னைப் பின் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அதே பூப்போட்ட துணியைக் கடை கடையாகத் தேடி வாங்கிவந்து, எனக்குப் பொருந்துகிற மாதிரி, ஆனால் ஒன்பது வயதுக் கவுன் மாதிரித் தெரிகிற மாதிரித் தைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து நின்றாலோ, தூரத்தில் வைத்து எடுத்தாலோ தெரியாது என்று தீபா யோசனை சொல்லியிருந்தாள்.

அந்தத் துணியை என் மேல் வைத்து அளந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு உதிரம் வந்தது. அம்மா தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எந்தத் தாயும் அந்த நேரத்தில் மகளைத் தொடமாட்டாள், ஆனால் சந்தோஷப்படுவாள்.

"துரோகி" என்றாள் என் அம்மா. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டுவிடாமல், அடித்தொண்டையில் சொன்னாள். "ராமுத்தா மக செத்தாளே, அந்த மாதிரி இனி எவ செத்தாலும் ஒன் பாவந்தாண்டி. ஒருத்திகிட்டயும் மூச்சு விடாத."

நான் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன். கூரை வீட்டைக் கடந்து தெருவில் வந்து நின்றேன். பெண் சமைந்தால் அத்தைமாரும் பக்கத்து வீட்டுக்காரிகளும் குலவை போடுவார்கள். சமைந்தவள் தானே போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாக்கைச் சுழற்றி நானே போட்டேன். முதலில் சரியாக வரவில்லை, வெறும் காற்றாக வந்தது, பிறகு குரல் பிடித்துக்கொண்டது, ஒன்பது வயதுக் குரல் இல்லை அது, எனக்கே புதிதாக இருந்தது. ஒருத்தி குலவையைத் தொடங்கிவிட்டால் கேட்கிற பெண்கள் அத்தனை பேரும் இருந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொள்ள வேண்டும், பகையாளி வீடானாலும் அதுதான் வழக்கம். என் தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் சாத்தியது எதிர் வீட்டில் தீபலட்சுமி.